ஜேர்மன்காரரின் கடைசித் தகடு

ஸ்காபரோவில் என் அச்சகத்துக்கு வருகிற எவரையும் நான் சும்மா அனுப்புவதில்லை. கல்யாண அட்டைக்கு வந்தாலும் சரி, கடைத் திறப்பு நோட்டீசுக்கு வந்தாலும் சரி, முன்னுக்கு நிற்கிற பெரிய மெஷின்களைக் காட்டி, இதெல்லாம் என் உழைப்பு என்று சொல்லித்தான் விடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து டொக்டரானவர்கள், இஞ்சினியரானவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளின் கல்யாண அட்டைக்கு என் மேசைக்கு முன்னால் வந்து காத்திருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதில் என்ன பிழை?

பின்னறையில் மட்டும் ஒரு மெஷின் நிற்கிறது, அதை யாருக்கும் காட்டுவதில்லை. அதற்குக் கரண்ட் வேண்டாம். கப்பல் சுக்கான் மாதிரி ஒரு பெரிய இரும்புச் சக்கரம். அதைக் கையால் சுற்றினால் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒரு தட்டு மெல்ல நகரும். அவ்வளவுதான் அதன் வேலை. அது என்னுடையதல்ல. ஒரு ஜேர்மன்காரருடையது. ஓவியர். சவர்க்காரப் பெட்டிக்கும் தேயிலைப் பைக்கும் படம் கீறிச் சம்பளம் வாங்கியவர். மிச்ச நேரத்தில் தனக்கென்று கீறியவர். அவரைப் பற்றி எழுத எத்தனையோ படித்தவர்கள் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் அவரைக் கண்டது பார்க்டேலில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில். எனக்கு அங்கே நிலம் கூட்டித் துடைக்கிற வேலை. கனடா வருவதற்கு முன் நான் ஜேர்மனியில் இருந்தவன். அந்தக் காலத்தில் ஊரில் யுத்தத்துக்குத் தப்பி ஓடின எங்கள் பெடியள் பலர் போன பாதைதான்: கிழக்குப் பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் போய், அகதி முகாம். பிறகு ஒரு உணவகத்துக் குசினியில் உருளைக்கிழங்கு சீவியே இரண்டு குளிர்காலம் போனது. புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. சமையல்காரன் கத்தக் கத்த, பாஷை தானாக ஏறிவிட்டது.

தொழிற்சாலையின் மேல்மாடியில் கண்ணாடி யன்னல்களோடு படம் கீறுகிற பகுதி இருந்தது. அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நெட்டை மனிதர். எனக்குத் தகப்பன் வயது. ஒரு நாள் அவர் கைபட்டு மைப்போத்தல் விழுந்து நிலமெல்லாம் ஓடியது. அவர் ஜேர்மன் மொழியில் தூஷணமாக ஏசினார். நான் தும்புத்தடியோடு போய், அதே பாஷையில், “தள்ளி நில், நான் துடைக்கிறன்” என்றேன்.

மனிதர் திகைத்துப் போனார்.

“உதை எங்க படிச்சனீ?”

“உன்ர நாட்டுக் குசினியில.”

“குசினியில படிச்ச மாதிரித்தான் கிடக்கு,” என்று சொல்லிச் சிரித்தார். அந்த நாட்டில் பெரியவர்களுக்கு ஒரு மரியாதைச் சொல் இருக்கிறதாம். குசினியில் அதை யாரும் பாவிக்காததால் எனக்குத் தெரியாது. நான் அவரைக் கடைசிவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். கனடாவில் தன்னை அப்படிக் கூப்பிட மனைவிக்குப் பிறகு ஆள் இல்லாமல் இருந்தது என்று பின்னர் ஒருமுறை சொன்னார்.

அவருடைய மனைவி அதற்கு முன்னமே நோய் வந்து இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பார்க்டேலில் பழைய வீடொன்றின் கீழ்த்தட்டில் அவரும் இந்த மெஷினும் படங்களும் இருந்தன. சனிக்கிழமைகளில் நான் போவேன். சும்மா போகமாட்டேன், பாரம் தூக்கிக் கொடுப்பேன், சக்கரம் சுற்றிக் கொடுப்பேன். தடித்த கடதாசியை நனைத்து, அவர் படம் கீறி மை பூசின செப்புத் தகட்டின் மேல் வைத்து, கம்பளியால் மூடி, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எனக்குத் தோள் பலம் இருந்தது. அவருக்குக் கதை இருந்தது.

அவருடைய தகப்பன் கல்லச்சுத் தொழிலாளி. வழுவழுப்பான கல்லில் படம் கீறி, அதிலிருந்து அச்செடுக்கிற வேலை. இவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில், காய்ச்சலென்று தாய் இவரை ஊர்ப்புறத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த நேரம்தான் குண்டு விழுந்து நகரம் எரிந்தது. திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த தெருவையே கண்டுபிடிக்க முடியவில்லையாம். தகப்பனின் அச்சகத்தில் கற்கள் மட்டும் அடுக்கின மாதிரியே, வெடித்துப்போய்க் கிடந்தன. ஒரு கல்லில் சொக்லேற் பெட்டிக்குக் கீறிய பெண்பிள்ளை பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக் கூரையில் செல் குண்டு விழுந்த கதையை நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் சக்கரத்தைச் சுற்றினோம்.

யுத்தம் முடிந்து கிழக்குப் பக்கத்தில் ஓவியப் பள்ளியில் படித்திருக்கிறார். அங்கே அரசாங்கத்துக்குச் சிரிக்கிற தொழிலாளிகள் தேவைப்பட்டார்கள். இவர் களைத்த தொழிலாளிகளைக் கீறினார். இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்களாம். மூன்றாம் தரம் கூப்பிட முன்னம், மதில் கட்டாத காலமென்றபடியால், ரயிலேறி மேற்கே போய்விட்டார். ஒரு துறைமுக நகரத்தில் சினிமாச் சுவரொட்டி கீறினார். அங்கே தையற்கடையில் வேலை செய்த பெண்ணைக் கல்யாணம் முடித்தார். இரண்டு பேரும் கப்பலேறிக் கனடா வந்தார்கள்.

வந்த பிறகு பகலில் பெட்டிப் படம், பின்னேரத்தில் சொந்தப் படம். ஸ்ட்ரீட்கார் யன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள், உடுப்புத் தோய்க்கிற கடையில் காத்திருக்கிற பெண்கள், பனி அள்ளுகிறவனின் முதுகு, ஏரிக்கரையில் குளிரில் தனியாக நிற்கிற வாங்கு. நான் வந்து பார்த்த ரொறன்ரோவை அவர் எனக்கு முன்னமே கீறி வைத்திருந்தார். ஆனால் அந்த நேரத்தில் படக்கூடங்களில் வட்டமும் சதுரமும்தான் எடுபட்டதாம்; மனிதரைக் கீறுகிறவன் பழைய ஆள். ஒரு நூலகத்தின் நிலவறையில் கண்காட்சி வைத்தார். வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று அவரே சிரித்துச் சொல்வார்.

ஒரே ஒரு அருங்காட்சியகம் ஒரே ஒரு படத்தை வாங்கியது. அதில் இருக்கிறது யார் தெரியுமா? நான்தான். தும்புத்தடியோடு குனிந்து நிற்கிறேன். அதைச் சொல்லாமல் நான் ஒரு கல்யாண வீட்டுக்கும் போனதில்லை. அவரோடு சண்டையும் பிடித்தேன்.

“கீறினதுதான் கீறினாய், ஒரு கோட் சூட்டோட கீறியிருக்கலாமே? நாளைக்கு என்ர பிள்ளை பாக்கிறேல்லையே?”

“நீ சூட்டோட நிண்டதை நான் காணேல்லையே.”

“வாங்குவன்.”

“வாங்கு. கீறுறன்.”

வாங்கினேன். அவர் கீறவில்லை. அருங்காட்சியகத்தில் கேட்டால் படத்தை இழுக்கிற லாச்சிக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். “அப்பா, யூ ஆர் இன் அ மியூசியம். லாச்சிக்குள்ள எண்டாலும் மியூசியம்தானே,” என்று என் மகள் பகிடி பண்ணுவாள்.

கம்பியூட்டர் வந்து அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. அங்கே மலிவாக விற்ற பழைய அச்சு மெஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து ஸ்காபரோவில் போட்டேன். வங்கி மனேஜர் என் படிப்பைக் கேட்டார். நான் என் கையைக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்தது இந்த ஊருக்கே தெரியும். அவருடைய வீட்டுக்காரன் வீட்டை விற்றபோது, அவருடைய மெஷினுக்கும் படங்களுக்கும் என் பின்னறையைக் கொடுத்தேன். வாடகை வாங்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்; நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

அங்கேதான் எங்கள் பெரிய சண்டை வந்தது. ஒரு தகட்டிலிருந்து எண்ணிக்கையாகச் சில படங்கள் எடுப்பார். எடுத்து முடிந்ததும் தகடு கீறுகிற ஊசியை எடுத்து, அந்த அருமையான தகட்டில் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு போட்டு அழித்துவிடுவார். பிறகு அழித்த தகட்டிலிருந்து சாட்சிக்கு ஒரு படம் எடுத்து ஒரு பெட்டியில் போடுவார். இனி இதிலிருந்து யாரும் அச்சடிக்க முடியாது என்பதற்கு அது அத்தாட்சி. அவருடைய தொழிலில் அதுதான் ஒழுங்காம்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தொழிலில் ஐந்நூறு கேட்டால் அறுநூறு அடிப்போம். செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்கு இறந்தவரின் படமும் வாழ்க்கையும் போட்டு ‘கல்வெட்டு’ என்று ஒரு புத்தகம் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்கும் நான் எப்போதும் நூறு கூட அடித்துத்தான் கொடுப்பேன். சனத்துக்குச் சேரட்டும்.

“உனக்கென்ன விசரா? நல்ல தகட்டை வெட்டுறாய். வேணுமெண்டால் பிறகும் அடிக்கலாமெல்லே?”

“அதுக்குத்தான் வெட்டுறன்.”

“ஆர் அடிக்கப் போறான்? உன்ர படத்தை உயிரோட இருக்கேக்கையே ஒருத்தரும் வாங்கேல்லை.”

இப்படிச் சொன்னேன்தான். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான். அவர் கோபிக்காமல், துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்தார். செம்பு, கறுத்துப்போயிருந்தது. சாய்த்துப் பிடித்தால் ஒரு பெண் தெரிந்தாள். தலையணையில் சாய்ந்திருந்தாள். கன்னத்தடியில் ஒரு கை. அந்தக் கையின் விரல்கள் கீறி முடியவில்லை.

அவருடைய மனைவி. அவர் சொன்னது இதுதான். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு சவர்க்காரப் பெட்டிக்கு முகம் தேவைப்பட்டது. தலையில் துவாய் சுற்றி, ஒரு பக்கம் திரும்பிச் சிரிக்கிற பெண். இவர் மனைவியை வைத்துக் கீறிக் கொடுத்தார். அந்தப் பெட்டி வருசக்கணக்காக நாடு முழுக்க விற்றது. ஒரு பனி உருகுகிற காலத்தில் அவர் மனைவி வேலைக்கு நடந்து போகும்போது, தெருவோரம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தன் முகம் கிடப்பதைக் கண்டிருக்கிறார். குனிந்து எடுக்க முன்னம் ஒருவன் மிதித்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வந்து, “என்னை இனி ஒருத்தருக்கும் குடாதை,” என்று சொன்னாராம். நோயில் படுத்தபோது, ஒரேயொரு படம் கீற விட்டார். “இது எங்கள் ரெண்டு பேருக்கும்தான். முடிஞ்சதும் தகட்டை வெட்டிப்போடு.” ஒரு பிரதி எடுத்தார். மறுநாள் கையைத் திருத்தலாம் என்றிருந்தார். அதற்குள் அந்த மனிசி போய்விட்டா. அந்தப் பிரதியை அவவின் சவப்பெட்டிக்குள் வைத்து மூடினார்கள்.

“பிறகேன் வெட்டேல்லை?”

“வெட்டுவன்,” என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. “நாளைக்கு.”

அந்தத் தகடு மற்றவை போல அமிலத்தில் அரித்ததல்ல. ஊசியால் நேரே செம்பில் கீறியது. ஊசி போகிற வழியின் இரண்டு பக்கமும் செம்பு மண் வெட்டின வரம்பு போல எழும்பி நிற்கும். அந்த வரம்பில் மை தங்கினால்தான் கோடு கன்னங்கரேலென்று பட்டுப் போல விழும். விரலை மெதுவாக ஓட்டினால் கையில் தட்டுப்படும். என் விரலைப் பிடித்து அந்தப் பெண்ணின் தலைமுடியில் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். “கனக்கத் தொடாதை. தொட்டால் தேஞ்சுபோம்.”

அவருடைய ‘நாளைக்கு’ வருசக்கணக்காக நீண்டது. முதலில் கண் மங்கியது. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. கடைசியில் சாமான்களின் பெயர் மறந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே போன கொஞ்ச நாளில் அவருக்கு ஆங்கிலம் முழுவதும் விட்டுப்போனது. நேர்ஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் விழித்துப் பார்ப்பார். ஜேர்மன் மட்டும் மிச்சம். அந்தக் கட்டிடத்தில் அந்தப் பாஷை பேச ஒருவரும் இல்லை. அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த நான், டொக்டருக்கும் அவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். கிழங்கு, சூடு, சீக்கிரம், கத்தி, கழுவு. என்னிடம் இருந்தது குசினிச் சொற்கள். அவருக்கு வேண்டியதும் அதற்கு மேல் அதிகமில்லை.

ஆனால் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து ஒன்றைத்தான் கேட்பார்.

“அவளை வெட்டியாச்சா?”

“இல்லை.”

“வெட்டு. எனக்குக் கை ஏலாது. நீ வெட்டு. நான் போனாப் பிறகு ஆராவது அடிப்பான்.”

“நீயே வந்து வெட்டு,” என்று சொல்லிவிட்டு வருவேன். என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். செத்துப்போனவர்களின் படத்துக்கு நாங்கள் சந்தனம் வைப்போம், பூ வைப்போம். முகத்தில் ஊசியால் கோடு போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் நான் வெட்டாவிட்டால் அந்த மனிதர் நிம்மதியாகக் கண் மூடமாட்டார் என்பதும் தெரிந்தது. வர வர, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு அதையே கேட்கத் தொடங்கினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மகள், “அப்பா, ஜஸ்ற் ஸ்கான் இற். பிறகு வெட்டுங்கோவன். காப்பி இருக்கும்தானே,” என்றாள். ஒரு கணம் எனக்கும் அது கெட்டித்தனமாகத் தெரிந்தது. என் மனைவிதான் அதட்டினாள். “உனக்கு எல்லாம் காப்பி! அந்த மனிசி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கு.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் ஏன் உங்க இருந்து கஷ்டப்படுறியள்? தகட்டைக் கொண்டுபோய் அந்த ஐயாவின்ர கையில குடுங்கோ. ஊசியையும் குடுங்கோ. நீங்கள் கையைப் பிடியுங்கோ. அவரே போடட்டும்,” என்றாள். என் மனைவி என்னைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவள்.

தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமியறைப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், தகடு சமையலறை மேசையில் புதுக்காசு போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. மனைவி கையைத் துடைத்தபடி நின்றாள்.

“பாத்தியளே? ஒரு பொம்பிளை இருக்கிற தகடு, கரி பிடிச்சுக் கிடந்தது. உப்பிடியே கொண்டுபோய் அந்த மனிசனுக்குக் காட்டுறதே? விளக்கு மினுக்கக் கரைச்ச புளி கிடந்தது. உப்பும் போட்டுத் தும்பால நல்லாத் தேச்சுவிட்டன். இப்பத்தான் முகம் தெளிவு!”

நான் பக்கத்தில் போய்த் தலைமுடி இருந்த இடத்தில் விரலை ஓட்டினேன். ஒரு வரம்பும் தட்டுப்படவில்லை. வழுவழுவென்று இருந்தது.

“நல்லா இருக்கு,” என்றேன்.

வேறென்ன சொல்வது? வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை மினுக்குகிற அதே கையால், அதே பக்தியோடு மினுக்கியிருக்கிறாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் வாய் காட்டியிருக்கிறேன். அன்று தகட்டைத் துணியில் சுற்றினேன்.

இரண்டு பேரும் முதியோர் இல்லத்துக்குப் போனோம். மனைவி சுடுதண்ணிப் போத்தலில் ரசம் கொண்டு வந்தாள். அவருக்கு ரசம் பிடிக்கும். ஊசியை நேர்ஸ் கண்டால் விடமாட்டா என்று பேனையோடு பேனையாகச் சட்டைப் பையில் குத்தியிருந்தேன். கட்டிலை நிமிர்த்தி, சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையை முன்னுக்கு இழுத்து, தகட்டை வைத்தேன். யன்னல் வெளிச்சம் முழுக்க அதில் விழுந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“ஆர் உந்தக் கிழவன்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மினுக்கின செம்பில் அவருடைய முகம்தான் தெரிந்தது.

“எனக்கும் தெரியாது,” என்றேன். “உன்னை மாதிரித்தான் கிடக்கு.”

“பாவம். ஒருத்தரும் அவனுக்குத் தலை இழுத்துவிடேல்லை.”

என் மனைவிக்குப் பாஷை விளங்காவிட்டாலும் என்ன விளங்கியதோ, சீப்பை எடுத்து அவருடைய தலைமயிரை வாரிவிட்டாள். அவர் குழந்தை மாதிரித் தலையைக் கொடுத்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். ஊசியைக் கொடுத்தேன். கையைப் பிடிக்கப் போனேன்; தட்டிவிட்டார்.

“ஆடாதை,” என்றார். என்னையல்ல. தகட்டைப் பார்த்துச் சொன்னார்.

தகட்டைப் பார்ப்பார், கீறுவார், திரும்பவும் பார்ப்பார். கரண்டி பிடிக்க முடியாத கை அது. நடுங்கிக்கொண்டேதான் போனது, ஆனால் நிற்கவில்லை. வெளிச்சம் கண்ணில் அடித்ததில் என்ன கோடு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. குறுக்குக் கோடுதான் போடுகிறார், கை ஓடாதபடியால் துண்டு துண்டாகப் போடுகிறார் என்று நினைத்தேன். ரசம் ஆறிப்போனது. கடைசியில் ஊசியைப் பலகையில் வைத்தார்.

“முடிஞ்சுது,” என்றார்.

“வெட்டியாச்சா?”

நித்திரையாகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கிழமை முடிய முன்னம் இல்லத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

அடக்கத்துக்கு முதல் நாள் காலையில் பின்னறையைத் திறந்தேன். அழித்த தகட்டிலிருந்து சாட்சிப் படம் எடுத்துப் பெட்டியில் போடுவது அவருடைய ஒழுங்கு. பெட்டியில் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒன்று இருந்தது. இது மட்டும் இல்லை. இந்த ஒன்றை நான் செய்து கொடுப்பேன் என்று நினைத்தேன். கடதாசியை நனைத்தேன். தகட்டில் மை பூசி, வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் துடைத்தேன். அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் தெரியும். இந்த நாட்டில் என் அளவுக்கு மை கண்டவன் யார்? மனைவி பக்கத்தில் நின்றாள். சக்கரத்தை நானே சுற்றினேன். கம்பளியை விலக்கிக் கடதாசியை மூலையில் பிடித்து உரித்தேன்.

குறுக்குக் கோடு இல்லை.

ஒரு கிழவனின் முகம் இருந்தது. இரண்டு கண்ணாடி வட்டம், நீண்ட மூக்கு, சரியாக மூடாத வாய், வாரிவிட்ட தலை. கோடுகள் எல்லாம் நடுங்கி, உடைந்து, ஆனால் கன்னங்கரேலென்று, பட்டுப் போல. அதற்குப் பின்னால், பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி, ஒரு பெண் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் இருக்கும் இடமும் கன்னமும் ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். முடியாமல் விட்ட கை மட்டும் கிழவனின் தோளுக்குக் கிட்டப் போய் நின்றது.

“ஐயா!” என்றாள் மனைவி. பிறகு குனிந்து பார்த்துவிட்டு, “அவ ஏன் இப்பிடி மங்கிப்போனா? தகட்டில வடிவாத் தெரிஞ்சாவே,” என்றாள்.

“பழைய தகடெல்லே,” என்றேன். “அப்பிடித்தான் விழும்.”

அவள் நம்பினாள். கடைசிவரை நம்பினாள். போன வருசம் அவளும் போய்விட்டாள். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

அந்தப் படத்தை வைத்திருக்க எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினால் வருகிறவர்கள் வாய் பிளப்பார்கள். உலகத்தில் ஒரே பிரதி, அதை அடித்தவன் நான் என்று சொல்லலாம். கீழ்ப்பக்கத்து வெள்ளை இடத்தில் அவர் வழக்கமாகப் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மடிக்காமல் சுருட்டி, அடுத்த நாள் அவருடைய சவப்பெட்டிக்குள், வலது கைப் பக்கம் வைத்தேன். வந்திருந்தது நாங்கள் மூவரும், பழைய தொழிற்சாலை ஆள் ஒருவரும், ஒரு பாதிரியாரும்தான்.

திரும்பி வந்து தகட்டை மேசையில் வைத்தேன். வெட்டச் சொன்னது வெட்டச் சொன்னதுதான். இரும்பு அடிமட்டத்தை மூலைக்கு மூலை வைத்து ஊசியை அழுத்தி இழுத்தேன். ஆயிரமாயிரம் கடதாசி நேராக வெட்டின கை இது. அடிமட்டம் இருந்தும் கோடு கோணிப்போனது. மற்ற மூலையிலிருந்தும் இழுத்தேன். மனைவி வெளியே போய்விட்டாள்.

என் மனைவியின் கல்வெட்டை நானே அடித்தேன். அட்டையில் அவளுடைய கலர்ப் படம், நீலச் சேலை, நல்ல மினுமினுப்புக் கடதாசி. இந்த ஊரில் இதுவரை யாரும் அப்படி ஒரு கல்வெட்டுக் கொடுத்ததில்லை. வழக்கம்போல நூறு கூட அடித்தேன். முப்பத்தொன்று முடிந்து கொஞ்ச நாளில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொத்துரொட்டி எடுக்கப் போனேன். முதலாளி தெரிந்தவர். காசு கட்டுகிற மேசையில் சூடான தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி, “அண்ணை, இருங்கோ, இப்ப தாறன்,” என்றார். கோப்பைக்கு அடியில் என் மனைவி இருந்தாள். நெற்றியில் ஒரு வட்டம் ஈரமாகப் பதிந்திருந்தது.

நான் அதை எடுத்து ஜாக்கெற்றின் உட்பக்கத்தால் துடைத்தேன்.

“ஐயோ அண்ணை, குறை நினையாதேங்கோ. ஆரோ வைச்சிட்டுப் போட்டினம்.”

“பரவாயில்லை தம்பி,” என்று சொல்லிவிட்டுக் கொத்துரொட்டியை வாங்காமல் வந்தேன்.

அடுத்த நாள் மகளிடம், கம்பியூட்டரில் இருக்கிற அம்மாவின் கல்வெட்டை அழி என்றேன். ஏன் என்று கேட்டாள். வட்டம் பதிந்த கல்வெட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓகே அப்பா,” என்று அழித்தாள். மிச்சமிருந்த கல்வெட்டுக் கட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோய், இரும்புச் சக்கரத்தின் அடியில், வெட்டின தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து, துணி போட்டு மூடினேன். அந்த அறையைப் பூட்டுகிற திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.